முட்டிக்குள் துரு

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. சனிக்கிழமை காலை, முதல் கேஸ். இடது முட்டியைத் திறப்பது, உள்ளே வளர்ந்து கிடக்கும் சதையை வழித்து எடுப்பது, பரிசோதனைக்கு அனுப்புவது. அது கெட்ட சதையாக இருந்தால்...

'இருந்தால்' என்ற சொல்லுக்குப் பிறகு எலும்பு டாக்டர் பேசியது எதுவும் ரசமட்டத்தின் காதில் ஏறவில்லை.

"கால் போயிடுமா சார்?"

"அதை ஏன் இப்பவே பேசணும்?" என்றார் டாக்டர்.

போய்விடும் என்றுதான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள், வந்திருந்த மூன்று பேரும். ரசமட்டம், அவர் மனைவி, அவர் அக்கா.

ரசமட்டம் என்பது அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. அவர் டைல்ஸ் ஒட்டும் மேஸ்திரி. குமிழி ஓடும் ரசமட்டக் கட்டையை வைத்து மற்றவர்கள் தரையின் மட்டம் பார்ப்பார்கள். இவர் செருப்பைக் கழற்றிவிட்டு நாலு எட்டு நடப்பார். "ஜன்னல் பக்கம் ஒரு நூல் தாழ்ந்திருக்கு" என்பார். நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. சந்தேகப்பட்டுக் கட்டையை வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. மறுபடி சந்தேகப்பட்டவர்கள் இல்லை. கூட வேலை செய்தவர்கள் கேலியாக வைத்த பெயர் கடைசியில் பட்டமாகி, ரேஷன் கடைவரை போய்விட்டது.

மனைவிக்கும் அதே வேலைதான். அவர் ஒட்டுவார், அவள் வெட்டுவாள். தண்ணீர் சொட்டும் கட்டிங் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் முழங்கைவரை வெள்ளைச் சேறு. தூண் வளைவுக்கும் கதவு மூலைக்கும் அவள் அறுத்துக் கொடுக்கும் துண்டுகளைத் தட்டிச் செருக வேண்டியதில்லை. வைத்தால் உட்காரும். கல்யாணமான புதிதில் ஒரு முறை அவள் வெட்டிய துண்டை அவர், "பரவால்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அக்காவுக்குக் காய்கறிக் கடை. மார்க்கெட்டின் முதல் வாசலில் அவள் விலை சொன்னால் கடைசி வாசலில் இருப்பவன் வேண்டாம் என்பான். அப்படி ஒரு தொண்டை. அம்மா இறந்த பிறகு தம்பியை வளர்த்தவள் அவள்தான். வளர்த்த உரிமையில் இன்னமும் அவர் தலையில் குட்டுவாள்.

இந்தக் குடும்பத்துக்கு இந்த நோய் எப்படி இத்தனை வருஷம் தெரியாமல் போனது?

அதற்கு டைல்ஸ்காரர்களைத் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தொழிலில் முட்டி வீக்கம் நோய் அல்ல, பதவி. போலீஸ்காரருக்குத் தோளில் நட்சத்திரம் ஏறுகிற மாதிரி இவர்களுக்கு முட்டியில் ஏறும். காலையிலிருந்து சாயங்காலம்வரை தரையில் முட்டி போட்டு, பல் வைத்த கரண்டியால் பசையை இழுத்து, டைல்ஸை வைத்து, ரப்பர் சுத்தியால் தட்டி, பின்னால் நகர்ந்து, மறுபடி முட்டி போட்டு... வீங்காமல் என்ன செய்யும்? வீங்காத முட்டியோடு ஒருவன் கூலி ஏற்றிக் கேட்டால், "முதல்ல முட்டியைக் காட்டுடா" என்று சிரிப்பார்கள்.

ரசமட்டத்தின் இடது முட்டி முதல் முறை பந்து போல வீங்கியபோது, கூட இருந்தவர்கள் கை கொடுத்தார்கள். எல்லாருக்கும் டீயும் பன்னும் அவரே வாங்கிக் கொடுத்தார். நாலு நாள் ஓய்வு, வீக்கம் வடிந்தது. சில மாதம் கழித்து மறுபடி வந்தது, சூடாக. வடிந்தது. வந்தது. போன வருஷத்திலிருந்து வடியவே இல்லை. பிசைந்த மாவை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி கொழகொழவென்று நின்றுவிட்டது. காலை முழுதாக நீட்ட முடியவில்லை. ஒரு நாள் புது வங்கிக் கட்டடத்தில் ஒரு வரிசையை முடித்துவிட்டு எழப் போனவர், எழவில்லை.

"என்னங்க, விளையாடாதீங்க. கலவை இறுகுது" என்றாள் மனைவி, மெஷினை நிறுத்தாமலே.

"எழுந்திருக்க முடியலடி."

அந்தக் குரலில்தான் மெஷினை நிறுத்தினாள்.

* * *

ஆபரேஷனுக்கு முன்னால் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும் என்று எலும்பு டாக்டர் அனுப்பியிருந்தார். ஸ்கேன் சென்டரின் ஹாலில் இரும்பு நாற்காலிகள், ஏசிக் குளிர், சத்தமில்லாமல் ஓடும் டிவி. ஸ்கேன் எடுப்பவர் வழுக்கைத் தலையும் கம்பளிச் சட்டையுமாக வெளியே வந்தார். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்விகளைக் கேட்டார்.

"செயின், மோதிரம், சாவி, பெல்ட்டு?"

"எல்லாம் அக்காகிட்ட கொடுத்தாச்சு."

"உடம்புக்குள்ள இரும்பு ஏதாவது? பிளேட்டு, ஸ்க்ரூ?"

"மனசுல இருக்கு சார், போதுமா?"

"அதெல்லாம் காந்தம் இழுக்காது. உள்ள வாங்க."

"ஒரு நிமிஷம்" என்று பின்னால் ஒரு குரல்.

ஸ்கேன் படங்களைப் பார்த்து முடிவு சொல்லும் டாக்டரம்மா. நரைத்த குட்டை முடி, கழுத்தில் கயிற்றில் ஆடும் கண்ணாடி. இருட்டறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே பழகியவர் வெளியே வருவது அபூர்வம் என்பது, ஸ்கேன்காரர் சட்டென்று நிமிர்ந்ததில் தெரிந்தது.

"டைல்ஸ் ஒட்டறதால வந்த வீக்கம்னு எழுதியிருக்கு. எப்படி உக்காந்து வேலை பாப்பீங்க? காட்டுங்க."

ரசமட்டம் குனியப் பார்த்தார். இடது கால் ஒத்துழைக்கவில்லை. "ஏய், நீ காட்டு" என்றார் மனைவியிடம்.

அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஹால் தரையில் இறங்கினாள். வலது முட்டி தரையில். இடது கால் மடங்கி, பாதம் பதிந்து, முட்டி மார்புக்கு நேராக. இடது முழங்கையை அந்த முட்டிமேல் ஊன்றி, வலது கையால் இல்லாத கரண்டியை இழுத்தாள். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டாள். அது அவர் பழக்கம். அக்கா சிரித்துவிட்டாள்.

"அப்படியே இவனை உரிச்சு வச்சிருக்காளே! நாக்குகூட விடல."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "எப்பவும் இந்த முட்டிதானா தரையில? மாத்தி மாத்தி இல்லையா?"

"இருபது வருஷமா வலதுதான்" என்றார் ரசமட்டம் பெருமையாக. வேட்டியை விலக்கி வலது முட்டியைக் காட்டினார். தோல் செருப்பின் அடிப்பக்கம் போலக் காய்த்திருந்தது. "குண்டூசி குத்தினாலும் தெரியாது."

"வீங்கினது இடது."

"ஆமா."

"தரையில தேயற முட்டி நல்லா இருக்கு. தரையையே தொடாத முட்டி வீங்கியிருக்கு."

மனைவி இன்னும் அதே நிலையில் உட்கார்ந்திருந்தாள். தன் இடது முட்டியைத் தானே குனிந்து பார்த்தாள். தினமும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த காட்சி. ஒரு நூல் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற இரண்டு பேர், இதைக் கண்டுபிடிக்கவில்லை.

"நல்லாத்தான் கேக்கறாங்கடி" என்றார் ரசமட்டம் மெதுவாக.

"தரையில முட்டி போட்டு வர்ற வீக்கம் முட்டிச் சில்லுக்கு முன்னாடி, தோலுக்கு அடியில நிக்கும்" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு மூட்டுக்கு உள்ளேயே இருக்கு. படம் எடுத்துப் பாப்போம். நான் சொல்ற ஒரு வகையைச் சேர்த்து எடுங்க" என்று ஸ்கேன்காரரிடம் ஏதோ சொன்னார். அவர் தலையாட்டினார்.

ரசமட்டத்தைப் படுக்க வைத்து, முட்டியைச் சுற்றி ஒரு கூட்டை மாட்டி, காதுக்குப் பஞ்சு கொடுத்து உள்ளே தள்ளினார்கள்.

"ஆடக்கூடாது. ஆடினா படம் கலங்கிடும்."

"பசை காயறவரைக்கும் மூச்சு விடாம இருந்தவன் நான். நீங்க எடுங்க."

மெஷின் இடித்தது, உறுமியது, நிறுத்தியது, வேறு தாளத்தில் தட்டியது. உள்ளே கிடந்தவருக்குப் பக்கத்து அறையில் நாலு பேர் தப்புத் தப்பாக டைல்ஸ் தட்டுகிற மாதிரி இருந்தது. எழுந்து போய் அதட்ட வேண்டும் என்று கால் துடித்தது. ஆட்டவில்லை.

வெளியே வந்ததும் ஸ்கேன்காரர், "இப்படி ஆடாத ஆளை நான் பாத்ததில்ல" என்றார்.

ரசமட்டம் மனைவியைத் தேடித் திரும்பினார். அவள் கேட்டாளா என்று உறுதி செய்துகொண்டார்.

* * *

டாக்டரம்மா மூவரையும் திரை முன்னால் உட்கார வைத்தார்.

"இது உங்க முட்டி. குறுக்கே வெட்டிப் பாக்கற மாதிரி. இது தொடை எலும்பு, இது கீழ்க்கால் எலும்பு. மூட்டோட உள்பக்கம் முழுக்க ஒரு மெல்லிய சவ்வு இருக்கும். வழுவழுன்னு எண்ணெய் மாதிரி ஒண்ணைச் சுரந்து, மூட்டு தேயாம பாத்துக்கறது அதுதான். காகிதம் மாதிரி இருக்கணும். உங்களுக்குப் பாசி பிடிச்ச மாதிரி தடிச்சுக் கிடக்கு."

"அதுதான் கெட்ட சதையா?" என்றாள் மனைவி. கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பொறுங்க. இப்ப இதைப் பாருங்க. நான் சேர்த்து எடுக்கச் சொன்ன படம்."

திரை மாறியது. சாம்பல் நிற முட்டிக்குள், அந்தச் சவ்வு இருந்த இடமெல்லாம் மை கொட்டியது போலக் கன்னங்கரேலென்று ஆகிவிட்டிருந்தது. மூலை முடுக்கெல்லாம், திட்டுத் திட்டாக.

"ஐயையோ" என்றாள் அக்கா.

"இந்த வகைப் படத்துக்கு ஒண்ணைக் கண்டா மட்டும் ரொம்ப ரோஷம். இரும்பு. துளி இரும்பு இருந்தாலும், இருக்கறதைவிடப் பெருசா, கருப்பா பூத்துக் காட்டிடும்."

"இரும்பா! நான் இரும்பே இல்லேன்னு சத்தியம் பண்ணிட்டு உள்ள போனேனே?"

"ரத்தத்துல இருக்கற இரும்பு. ரத்தம் மூட்டுக்குள்ள கசிஞ்சா, அது கரைஞ்சு போனப்புறமும் இரும்பு மட்டும் சவ்வுல ஊறி நின்னுடும். அது சவ்வை எரிச்சல்படுத்தும், சவ்வு தடிக்கும். தடிச்ச சவ்வு இன்னும் சுலபமா கசியும்."

ரசமட்டம் திரைக்கு இன்னும் கிட்டே போனார். "உப்புத் தண்ணி ஊரு வீட்ல குழாய்க்கடியில பாத்திருக்கீங்களா டாக்டரம்மா? சொட்டுச் சொட்டா விழுந்து, இடுக்குச் சிமெண்டுல துரு ஏறிக் கிடக்கும். என்ன தேச்சாலும் போகாது. அது மாதிரியா?"

"அதே மாதிரிதான். ஒரு நாள்ல ஏறின துரு இல்ல இது. பல தடவை கசிஞ்சிருக்கு."

"எங்கயும் இடிச்சுக்கலையே."

"அதான் கேள்வி. இது ரெண்டு விதமா வரலாம். ஒண்ணு, சவ்வே தானா வளர்ந்து கசியற நோய். அப்படின்னா எலும்பு டாக்டர் சொன்னது சரி, திறந்து வழிச்சு எடுக்கறதுதான் வைத்தியம். இன்னொண்ணு, சவ்வுமேல தப்பே இல்லாம, ரத்தத்துல உறையற சத்து குறைவா இருக்கறது. பிறவியிலேயே. லேசா முறுக்கினாலும் உள்ளுக்குள்ள கசியும். ரெண்டு நோயும் படத்துல ஒரே கருப்புதான்."

"ரெண்டாவதா இருந்து, திறந்துட்டா?" என்றாள் மனைவி.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ரத்தம் நிக்காது."

நாற்காலியை ரசமட்டத்தின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"அதனால கேக்கறேன். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க அம்மா வழியில ஆம்பளைங்க யாருக்காவது, சின்னக் காயத்துக்கே ரத்தம் நிக்காம போனது, மூட்டு வீங்கினது உண்டா? அம்மாவோட கூடப் பிறந்தவங்க?"

அக்கா பையின் காதைக் கையில் சுற்றிக்கொண்டாள். "எங்க வீட்ல ஆம்பளைங்க எல்லாம் கல்லு மாதிரி. ஒரே ஒரு மாமா. அவர் சாரத்துல இருந்து விழுந்து போயிட்டாரு."

"மூணாவது மாடியில இருந்து" என்றார் ரசமட்டம். குரல் நிமிர்ந்துவிட்டது. "அந்தக் காலத்துல மொசைக் தரை போடறதுல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது. விழறப்பகூட கரண்டியைக் கையில இருந்து விடலையாம். அவரைக் கேள்விப்பட்டுத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்."

டாக்டரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வலது காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கணுக்கால் ஏன் தடியா இருக்கு?"

"அது பழசு. எப்பவோ சுளுக்கினது. வரும், போகும்."

"அதையும் எடுத்திடுவோம். இன்னொரு மூட்டுலயும் இதே துரு இருந்தா, சவ்வு நோய்னு நான் நம்ப மாட்டேன். அது பெரும்பாலும் ஒரு மூட்டோட நின்னுடும்."

* * *

ரசமட்டம் மறுபடி உள்ளே போனதும், மனைவியும் அக்காவும் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மனைவி வாங்கி வந்த டீ, அக்கா கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"குடிங்க அண்ணி."

"ம்."

"அவருக்கு உடம்புல அங்கங்க கருநீலமா கட்டி நிக்கும் அண்ணி. டைல்ஸ் பெட்டி தூக்கினா தோள்ல, தொடையில. கேட்டா, வேலைக்காரன் உடம்புன்னா அப்படித்தான்பாரு. டாக்டரம்மாகிட்ட சொல்லிடவா?"

"சொல்லு."

"ஏன் இப்படி இழுத்துப் போத்திக்கறீங்க?"

"ஏசி."

"மார்கழிக் குளிர்ல விடியறதுக்கு முன்னாடி கடை திறக்கறவங்க நீங்க. உங்களுக்கு ஏசியா?"

அக்கா டீயை நாற்காலிக்கு அடியில் வைத்தாள். அந்தத் தொண்டையிலிருந்து சத்தமே வராததை மனைவி முதல் முறையாகப் பார்த்தாள்.

கதவு திறந்தது. டாக்டரம்மா அவர்களைக் கை காட்டி உள்ளே கூப்பிட்டார். திரையில் கணுக்கால். எலும்புகளுக்கு நடுவே, முட்டியில் பார்த்த அதே மை. கொஞ்சம் குறைவு. ஆனால் அதே மை.

டாக்டரம்மா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். மறுமுனையில் எலும்பு டாக்டர்.

"கணுக்கால்லயும் இருக்கு சார். எனக்கு ரத்தத்து மேலதான் சந்தேகம். உறையற சத்தை அளந்து பாக்காம கத்தி வைக்க வேண்டாம்."

"விரல்ல குத்தி ரத்தம் நிக்கற நேரம் பாத்தாச்சு. நார்மல்."

"அந்த டெஸ்ட்டுல இந்த நோய் மாட்டாது சார்."

"தெரியும். தோல் ரத்தம் நின்னுடும், உள்ளதான் நிக்காது. ஆனா நீங்க சொல்ற டெஸ்ட்டை வெளியூருக்கு அனுப்பி முடிவு வர நாளாகும். சுளுக்கின கணுக்கால்லயும் ரத்தம் கசியலாம் இல்லையா? முட்டியில இருக்கறது கெட்ட சதையா இருந்தா, நான் காத்திருக்கற ஒவ்வொரு நாளும் அந்தக் கால்தான் விலை கொடுக்கும். குடும்பத்துல யாருக்காவது இருந்ததா?"

"இல்லேங்கறாங்க."

"ஒருத்தர் இருந்தா சொல்லுங்க மேடம். ஒருத்தர் போதும். நான் சனிக்கிழமையைத் தள்ளி வச்சுடறேன். இல்லேன்னா..."

"இருந்தாரு" என்றாள் அக்கா.

எல்லோரும் திரும்பினார்கள். ஸ்கேன் படுக்கையிலிருந்து நொண்டிக்கொண்டு வந்த ரசமட்டம், கதவைப் பிடித்தபடி நின்றார்.

"மாமா சாரத்துல இருந்து விழல."

"என்னக்கா சொல்ற?"

"விழலடா. பல்லு புடுங்கிக்கிட்டாரு." அக்காவின் குரல் உடைந்து, பிறகு கிடுகிடுவென்று வந்தது. "கடைவாய்ப் பல்லு. புடுங்கின நாள்ல இருந்து ரத்தம் நிக்கல. துணியை வாயில அடைச்சுக்கிட்டு வேலைக்குப் போனாரு. ஒரு பெரிய வீட்டு மாடிப்படி. பாதியில நிக்குது, படி காயறதுக்குள்ள தேய்ச்சு முடிக்கணும்னாரு. அம்மா போக வேணாம்னா, கேக்கல. நான் சின்னப் பொண்ணு, சாப்பாடு எடுத்துட்டுப் போறேன். கடைசிப் படிக்குக் கீழே, சாரத்துக்குப் பக்கத்துல படுத்திருக்காரு. முகம் சுண்ணாம்பு மாதிரி. வாயில துணி, சிவப்பா. 'படி முடிஞ்சிடுச்சு, பாரு'ன்னாரு. அவ்வளவுதான் பேசினாரு. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"தூக்க வந்தவங்க சாரத்தைப் பாத்துட்டு, விழுந்துட்டாருன்னாங்க. நான் பேசாம இருந்தேன். அம்மாவும் அப்படியே இருக்கட்டும்னுட்டா. ரெண்டு சிமெண்ட் மூட்டையை ஒண்ணா தூக்கற ஆளு, பல்லு புடுங்கிச் செத்தான்னா ஊரு சிரிக்கும்னா. ரத்தம் கெட்ட வீடுன்னு எனக்கு மாப்பிள்ளை வராதுன்னா. அப்புறம் சொல்லிச் சொல்லி எனக்கே அவரு விழுந்த மாதிரிதான் ஆயிடுச்சு. மூணாவது மாடி, கரண்டி எல்லாம் நான் சேத்ததுதான்டா. நீ கண்ணை விரிச்சுக் கேப்பியே, அதுக்காக."

போனில் எலும்பு டாக்டரின் மூச்சு கேட்டது. "சனிக்கிழமை ஆபரேஷன் இல்ல" என்றார். "மேடம், ரத்தத்தை இப்பவே எடுத்து அனுப்பிடுங்க. அந்த அம்மாகிட்ட என் நன்றியைச் சொல்லுங்க."

அக்கா தம்பியின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அவர் நொண்டி நொண்டி அவள் பக்கத்தில் வந்தார்.

"அக்கா. வாயில துணியோட எத்தனை படி போட்டாரு?"

"என்னடா கேக்கற?"

"சொல்லு. பல்லு புடுங்கினப்புறம்."

"பாதி மாடிப்படி. மேல திரும்பற இடத்துல இருந்து கீழ வரைக்கும்."

"தேய்ச்சு முடிச்சாரா?"

"கண்ணாடி மாதிரி. என் முகம் தெரிஞ்சுது."

ரசமட்டம் மனைவி பக்கம் திரும்பினார். கண் நிறைந்திருந்தது. முகம் மலர்ந்திருந்தது. "கேட்டியாடி? ரத்தம் போய்க்கிட்டே இருக்கு. படியில முகம் தெரியுது." பிறகு அக்காவிடம், "இதை விட்டுட்டு எதுக்குக்கா மூணாவது மாடி? யாரு வேணா விழலாமே. இதை யாரால செய்ய முடியும்?"

அக்கா அவர் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு அதே தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வெளியே ஹாலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தொண்டை திரும்ப வந்திருந்தது.

* * *

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உறையவைக்கும் சத்துகளில் எட்டாவது என்று எண்ணிட்ட ஒன்று, இருக்க வேண்டியதில் மிகச் சிறு பங்குதான் இருந்தது. எலும்பு டாக்டர் அந்தத் தாளைத் திரும்பத் திரும்பப் படித்தார்.

"நான் கத்தி வச்சிருந்தா, என் வாழ்நாளுக்கு மறந்திருக்க மாட்டேன்" என்றார்.

"எனக்கு மறக்கற வேலையே இருந்திருக்காது சார்" என்றார் ரசமட்டம்.

சதை கெட்ட சதை அல்ல. கால் எங்கும் போகவில்லை. குறைகிற சத்தை ஊசியாக ஏற்றினார்கள். ஏற்ற ஏற்றக் கசிவு நின்றது. தடித்த சவ்வு மெல்ல மெல்ல அடங்கியது. மடங்கியே கிடந்த காலைப் பயிற்சிக்காரம்மா கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சத்தமும் போடாமல் கிடந்தார். ஆடாத ஆள் என்று இங்கேயும் பேர் வாங்கினார். அழிந்த குருத்தெலும்பு திரும்ப வராது, கனம் தூக்கக்கூடாது, முட்டி போட்டு உட்காரக்கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

அம்மா வழியாக வருகிற நோய் என்பதால் அக்காவுக்கும் பரிசோதனை. அவள் ரத்தத்திலும், அவளுக்கு நோயாக வராமல், அந்த நோய்க்கூறு இருந்தது. லாரி ஓட்டும் மகனுக்கு மார்க்கெட்டிலிருந்தே போன் போட்டாள். "டேய், எங்க இருக்க? எங்க வேணா இரு. நேரா வந்து ரத்தம் கொடு. அதுவரைக்கும் எவன்கிட்டயும் பல்லைக் காட்டாத!" மார்க்கெட்டின் கடைசி வாசல்வரை கேட்டது. அவனுக்கு இல்லை என்று முடிவு வந்தபோது அதுவும் கேட்டது.

வேலை என்ன ஆயிற்று? மனைவி தரையில் இறங்கினாள். கட்டிங் மெஷின் முன்னால் உயரமான முக்காலி போட்டு அவர் உட்கார்ந்தார். முதல் வாரம் அவர் வெட்டியது ஒன்றும் பொருந்தவில்லை. அவள் ஒவ்வொரு துண்டாகத் திருப்பி அனுப்பினாள்.

"என்னடி குறை?"

"ஒரு நூல் பெருசு."

"ஒரு நூலா? யாருகிட்ட சொல்ற?"

"ரசமட்டத்துகிட்டதான் சொல்றேன். திரும்ப வெட்டுங்க."

இரண்டாவது மாதத்தில் ஒரு தூண் வளைவுக்கு அவர் அறுத்துக் கொடுத்த துண்டு, வைத்ததும் உட்கார்ந்தது. அவள் நிமிரக்கூட இல்லை. "பரவால்ல" என்றாள். அன்று முழுக்க அவர் விசில் அடித்துக்கொண்டிருந்தார்.

அந்தத் தரை ஒரு கல்யாண மண்டபத்துடையது. முடிகிற சமயத்தில் மண்டபக்காரரின் அப்பா கைத்தடியோடு பார்க்க வந்தார். வயதான கட்டடக்காரர். தரையைப் பார்த்தார். முட்டி போட்டிருந்த பெண்ணைப் பார்த்தார். முக்காலியில் உட்கார்ந்திருந்த ஆளை வெகு நேரம் பார்த்தார்.

"உங்க ஜாடையில ஒருத்தரை எனக்குத் தெரியும். மொசைக் வேலைக்காரரு. நல்ல கை. பாவம், சாரத்துல இருந்து விழுந்து போயிட்டாருன்னு சொன்னாங்க."

மனைவியின் கரண்டி நின்றது. சாப்பாட்டுத் தூக்கோடு அப்போதுதான் உள்ளே நுழைந்த அக்காவும் நின்றாள்.

ரசமட்டம் மெஷினை அணைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு, முக்காலியிலிருந்து இறங்கி, இரண்டு காலையும் நேராக ஊன்றி நின்றார்.

"எங்க மாமாதான் ஐயா. அவரு விழல" என்றார். "படியை முடிச்சுட்டுத்தான் படுத்தாரு. வாங்க, உக்காருங்க. அக்கா சொல்லுவா, கேளுங்க."